எல்லாம் செல்லும்

ஜனவரி 16, 2018

அன்புள்ள டார்லா அக்காவுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. ஜோலினிடம் கேட்டேன். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க சித்தி. உங்க பேரைப் பாத்ததும் டிவி சத்தத்தைக் கூட்டிட்டாங்க" என்றாள் உன் மகள். அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில் களப்பயிற்சி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று நீதான் கேட்டாய். சொன்னேன். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். நாங்கள் எல்லோரும் ஆறிப்போன உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்கா, மாணவர் நலத்தில் மேற்படிப்புப் படிக்கிற எல்லோருக்கும் ஓராண்டுக் களப்பயிற்சி உண்டு. எங்கே என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. ஒருத்திக்கு விடுதி, ஒருவனுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம், எனக்குப் புதிதாகச் சேர வருகிறவர்களைக் கவனிக்கிற வரவேற்பு மையம். கார்வர் ஃபெரியில் உள்ள நம் கல்லூரியை நான் படிக்கிற இந்தப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டதும், மே மாதத்தோடு அதை மூடப் போவதும் நான் எடுத்த முடிவுகள் இல்லை. அந்தக் கல்லூரியில் நீ சமைக்கிற சமையலறையை நான் பூட்டவில்லை.

சரி. முதல் நாளைப் பற்றிச் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போ. கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் பிஸ்கட் வாசனை. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சின்ன அடுப்பு வைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மையத்தின் இயக்குநர் நடீன், நரைத்த முடியை அழகாக வெட்டிக்கொண்ட உயரமான பெண். அவர் சொன்னார்: "வீட்டு வாசனை வந்தா அம்மாக்களுக்கு மனசு இளகிடும் மேரன். அப்பாக்களுக்கு வண்டி நிறுத்த இடம் கெடச்சா போதும்." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விதிகளைச் சொன்னார்: "'தெரியாது'ன்னு சொல்லாதே, 'கேட்டுச் சொல்றேன்'னு சொல்லு. 'முடியாது'ன்னு சொல்லாதே, 'வழி பாக்கலாம்'னு சொல்லு."

வளாகத்தைச் சுற்றிக் காட்டும்போது நாம் பின்னோக்கியே நடக்கவேண்டும், வந்தவர்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. முதல் சுற்றிலேயே பூச்செடித் தொட்டியில் போய் உட்கார்ந்தேன். டொலீடோ நகரத்திலிருந்து வந்த ஒரு அப்பா கைகொடுத்துத் தூக்கினார். "பரவால்லம்மா. இங்க விழுந்தா தூக்கறதுக்கு ஆள் உண்டுன்னு என் பொண்ணு பாத்துக்கிட்டா" என்றார்.

எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது அக்கா. நான் பதினெட்டு வயதில் இங்கே வந்து இறங்கியபோது எந்தக் கதவு எதற்கு என்று தெரியாமல் நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே நின்று அழுதேன். இன்று யாரோ ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்து காட்டுகிறேன். அதில் உனக்குத் துரோகம் எங்கே இருக்கிறது?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

மேரன்


பிப்ரவரி 4

மேரன்,

திட்டி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

வாசனைக்காக பிஸ்கட் சுடுகிற இடத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நாங்களெல்லாம் இத்தனை காலம் சாப்பிடுவதற்காகச் சமைத்து ஏமாந்துவிட்டோம்.

உங்கள் ஆட்கள் போன வாரம் எங்கள் சமையலறைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று பார்க்க வந்தவர்கள். ஒரு பையன் என் பெரிய சூப் பானையைத் தட்டி, "இது எவர்சில்வரா மேடம்?" என்றான். "இல்லப்பா, சுத்த வெள்ளி. எங்க ஊர்ல எல்லாரும் வெள்ளிப் பானை சூப்தான் குடிப்போம்" என்றேன். அவன் அதையும் எழுதிக்கொள்ளப் பார்த்தான். பாவம், அம்மா பெற்ற பிள்ளைதானே என்று ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

சரி, இந்தக் கடிதம் அதற்காக இல்லை. ஜோலினுக்காக.

நர்சிங்கில் இரண்டு வருஷம் முடிக்கப் போகிறாள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போகிறபோது கிழவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். ரத்தம் எடுக்க அவள்தான் வரவேண்டும் என்று ஒருவர் சட்டையை மடக்காமல் அடம்பிடித்தாராம். கல்லூரி மூடியதும் இவள் எங்கே போவாள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறதல்லவா, பழைய சூப்பர்மார்க்கெட் கட்டடத்தில்? அங்கிருந்து ஓர் அம்மா வீட்டுக்கே வந்தார். என் மேஜையில் உட்கார்ந்து, அவள் படித்த பாடம் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கறோம்மா. செப்டம்பர்ல நேரா மூணாம் வருஷத்துல உக்காரலாம். ஏப்ரல் நடுவுக்குள்ள மட்டும் பதில் சொல்லிடுங்க" என்றார்.

எனக்கு அது போதும். ஜோலினுக்குப் போதாது. "அங்க போனா பக்கத்து டயர் கடை வாசனை அடிக்குதும்மா. சித்தி இருக்கற எடத்துக்குப் போறேன். சித்தி பாத்துக்குவாங்க" என்கிறாள். சின்னவளாக இருந்தபோது உன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாளே, அதே பைத்தியம்தான் இன்னும்.

உன் பல்கலைக்கழகத்தை நான் நம்பமாட்டேன். அதனால் அவர்களைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன். அவள் படித்த இரண்டு வருஷமும் அங்கே செல்லுமா, செல்லாதா? பார்க்கலாம், கேட்டுச் சொல்கிறேன் என்கிற கதையெல்லாம் எனக்கு வேண்டாம்.

டார்லா


பிப்ரவரி 19

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நடீன் அறைக்குப் போனேன். சூப் பானை கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க அக்காகிட்ட தைரியமா சொல்லு. எல்லாம் செல்லும். படிச்ச பாடத்துக்கு வாங்கின ஒரு கிரெடிட் கூட வீணாகாது. உங்க ஊர்ப் பிள்ளைங்களை நாங்க நடுத்தெருவுல விடமாட்டோம்."

ஆகவே சொல்கிறேன். செல்லும்.

இன்னும் ஒன்று. மார்ச் பத்தாம் தேதி, சனிக்கிழமை, கார்வர் ஃபெரி மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு வரவேற்பு நாள். பேருந்து அனுப்புகிறார்கள். அன்று மேடையில் வரவேற்புரை யார் தெரியுமா? உன் தங்கை! களப்பயிற்சிக்கு வந்தவளுக்கு யாரும் மைக்கைக் கொடுக்கமாட்டார்கள். நடீன்தான், "உங்க ஊர்க்காரங்க என் மூஞ்சிய நம்பமாட்டாங்க மேரன், உன் மூஞ்சிய நம்புவாங்க" என்றார்.

நீயும் ஜோலினோடு வா. எனக்காக வரவேண்டாம், அவளுக்காக வா. முன்வரிசையில் உட்கார். நான் உளறினால் முறைத்துப் பார், சரியாகிவிடுவேன்.

மேரன்


மார்ச் 13

மேரன்,

வந்ததற்கு நீ நன்றி சொல்லவேண்டாம். பேருந்து இலவசம் என்பதால் வந்தேன்.

நீ பேசியது நன்றாக இருந்தது. "நான் கார்வர் ஃபெரிக்காரி. உங்களை மாதிரியே பயந்துக்கிட்டு வந்தவ. உங்க படிப்பு ஒண்ணும் வீணாகாது, எல்லாம் செல்லும்" என்று நீ சொன்னபோது பின்னால் ஒரு பெண் விசும்பினாள். திரும்பிப் பார்த்தேன், நம் அஞ்சலகத்தில் இருக்கிற மேவிஸ். அவள் பையன் கணக்குப் படிக்கிறான். அவளே அழுதுவிட்டாள், பார்த்துக்கொள். தபால் தலைக்குக்கூட ஒரு சொட்டு எச்சிலை வீணாக்காத பெண்!

பிறகு எங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தாயே, எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நீ நடக்கப் பழகும்போது நான் குனிந்துகொண்டு பின்னோக்கி நடப்பேன், நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு வருவாய். அம்மா அப்போதே போய்விட்டாள். எனக்குப் பதினான்கு வயது. இதையெல்லாம் எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

அந்த நடீன் என்னிடம் வந்து, "நீங்கதான் டார்லாவா? உங்க தங்கைய எங்களுக்கே விட்டுடுங்க" என்றார். "அது ஏற்கெனவே நடந்துடுச்சு" என்றேன். பிஸ்கட்டில் உப்பு போதவில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, உன் வேலைக்காக.

ஜோலின் இரவெல்லாம் அந்த நர்சிங் கட்டடத்தைப் பற்றியே பேசினாள். பொம்மை நோயாளிகள் மூச்சு விடுகிறார்களாமே? நம் ஆஸ்பத்திரியில் உண்மையான நோயாளிகளே சரியாக மூச்சு விடுவதில்லை என்றேன். சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து மாதங்களாயிற்று.

உனக்கு என்மேல் இன்னும் கோபமா? எனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன் செய், எடுக்கிறேன்.

டார்லா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

இரண்டு முறை நீ கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள். கடும் வேலை. வசந்த காலத்தில் இங்கே கூட்டம் அலைமோதும். தொண்டை கட்டிக்கொண்டு பேசவே முடியவில்லை.

இங்கே மக்னோலியா மரம் பூத்துவிட்டது. வந்தவர்களெல்லாம் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் பேராசிரியர் என் களப்பயிற்சிக் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டினார். டிசம்பருக்குப் பிறகு மையத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியாகும் என்று நடீன் சொல்கிறார். அது எனக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் சொல்கிறார்.

ஜோலின் எப்படி இருக்கிறாள்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிக்குப் பதில் எழுதிவிட்டாளா? சும்மாதான் கேட்கிறேன். எதற்கும் அவசரமில்லை என்று சொல்.

சமையலறையில் உனக்குக் கடைசி நாள் எப்போது? அன்று வர முயற்சி செய்கிறேன்.

மேரன்


ஏப்ரல் 22

மேரன்,

எழுதிவிட்டாள். வரமாட்டேன் என்று நல்ல மரியாதையாக எழுதினாள், நான் தபாலில் போட்டேன். அந்த அம்மா திரும்பப் போன் செய்து, "பரவால்ல, பெரிய எடமாப் பாத்துப் போறா, நல்லா இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷி.

ஏன் கேட்டாய்? சும்மா என்று எழுதியிருந்தாய். நீ சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லையே.

மே வரைக்கும் காத்திருக்காமல் சமையலறையை முதலில் மூடிவிட்டார்கள், என் வேலை முடிந்தது. கடைசி நாள் மீந்ததையெல்லாம் போட்டு ஒரு சூப் வைத்தேன். பிள்ளைகள் தட்டோடு சமையலறைக்குள்ளேயே வந்து நின்று சாப்பிட்டார்கள். நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும். நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் டோனட் கடையில் சேர்ந்திருக்கிறேன். அங்கே சமைப்பதற்கு ஒன்றுமில்லை, பெட்டியைப் பிரிப்பதுதான் வேலை.

தொண்டை சரியானதும் பேசு.

டார்லா


செப்டம்பர் 8

மேரன்,

போன் வேண்டாம். நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். எழுதினால் நான் நிறுத்தவேண்டியதில்லை.

ஜோலின் நேற்று நடந்ததைச் சொன்னாள். நீ அவளை நான்கு நாளாகப் பார்க்காமல் தவிர்த்தாயாம், அதையும் சொன்னாள். முதல் வாரம் நர்சிங் வகுப்புப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க கிரெடிட் எல்லாம் வந்திருக்கே" என்றானாம். "அப்ப ஏன் மூணாம் வருஷத்துல பேர் இல்ல?" "எல்லாம் பொதுப்பாடமா வந்திருக்குங்க. நர்சிங் பாடமா வரல. ஆஸ்பத்திரிப் பயிற்சி வெளில செஞ்சா இங்க கணக்குல வராது. நீங்க முதல் வருஷத்துலேந்து ஆரம்பிக்கணும். அதுவும் இந்த வருஷம் இடம் முடிஞ்சிடுச்சு. வசந்தத்துல மனு போடுங்க. கிடைச்சா பாக்கலாம்."

கிடைத்தால் பார்க்கலாமாம்.

அவள் ஓடி வந்தது உன் கண்ணாடிக் கட்டடத்துக்கு. நீ இல்லை. நடீன் இருந்தார். பிஸ்கட் எடுத்துக்கோம்மா என்றாராம். இவள் அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள், "எங்க சித்தி மேடைலயே எல்லாம் செல்லும்னு சொன்னாங்களே, அவங்களுக்கே தெரியாதா?" அதற்கு அந்த அம்மாள் ரொம்ப அன்பாகச் சொன்னாராம்: "உங்க சித்திக்கு மார்ச் கடைசிலயே தெரியுமேம்மா. அவங்க உங்ககிட்ட பேசியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மார்ச் கடைசி. ஜோலின் வரமாட்டேன் என்று எழுதியதை நான் தபால்பெட்டியில் போட்டது ஏப்ரல் பன்னிரண்டு. இடையில் உன் கடிதம் ஒன்று வந்தது. அதில் மக்னோலியா பூத்திருந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். "எதற்கும் அவசரமில்லை என்று சொல்." இதுதான் நீ சொன்னது. இதிலிருந்து நான் என்ன புரிந்துகொண்டிருக்க வேண்டும்? நீயே சொல். நான் படிக்காதவள், பெட்டி பிரிக்கிறவள், எனக்குப் புரியும்படி சொல்.

டார்லா


செப்டம்பர் 23

அக்கா,

பல நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் சாக்குச் சொல்வதுபோல் இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் பத்தாம் தேதி மேடையில் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே தெரியாது. இதை மட்டுமாவது நம்பு.

மாதக் கடைசியில் ஒரு கூட்டத்தில் வெளியில் படித்த பாடங்கள் நர்சிங்குக்குச் செல்லாது என்று நர்சிங் துறைப் பெண்மணி ஒருவர் போகிற போக்கில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் நடீன் பின்னாலேயே போனேன். "அப்ப ஏன் எல்லாம் செல்லும்னு சொன்னோம்?" என்று கேட்டேன்.

"செல்லுதே" என்றார். "எதுக்குச் செல்லுதுன்னு யாரும் கேக்கலையே."

"என் அக்கா பொண்ணு வர்றா நடீன். அவ அந்த இன்னொரு காலேஜை விட்டுடுவா."

"அவளை நான் தனியாப் பாத்துக்கறேன். நர்சிங் டீன் எனக்கு வேண்டியவர், ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆனா நீ இப்ப ஊருக்குப் போன் போட்டியானா ஒருத்தரும் வரமாட்டாங்க. யோசிச்சுக்கோ. உன் களப்பயிற்சிக்கு மதிப்பீடு எழுதறது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என் தோளில் தட்டினார். மிரட்டலா, விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

ஜோலினுக்கு மட்டும் தனி வழி கிடைக்கும் என்று நம்பினேன் அக்கா. மேவிஸ் பையனைப் பற்றியோ மற்றவர்களைப் பற்றியோ நான் நினைக்கவே இல்லை. ஜூனில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை நடீனிடம் கேட்டேன். "பேசிட்டிருக்கேன்" என்றார். ஆகஸ்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவளைத் தவிர்த்தது உண்மை. மாடியிலிருந்து பார்த்தேன், மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கீழே இறங்கவில்லை.

இப்போது நான் என்ன செய்யவேண்டும் என்று சொல். வேலையை விடவா? டீனைப் போய்ப் பார்க்கவா? எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

மேரன்


அக்டோபர் 14

மேரன்,

ஜோலின் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பார்த்தோம். மூன்றாம் வருஷ இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அந்த அம்மா தானே வருத்தப்பட்டார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஜோலின் தலையாட்டினாள். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தெரிகிறது. புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு மேவிஸிடம் கொடுத்து யாருக்காவது அனுப்பச் சொல்லிவிட்டாள்.

முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறாள். ரத்தம் எடுக்க விடமாட்டார்கள். படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, வாளி தூக்குவது. அதே கிழவர்களில் ஒருவர் அங்கே இருக்கிறாராம். "எப்பம்மா நர்ஸ் ஆகப் போறே?" என்று தினமும் கேட்கிறாராம். அவருக்கு மறதி. தினமும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். இதைக் கேட்கவேண்டிய மாதம் மார்ச்.

நீ வேலையை விடவேண்டியிருந்ததா? ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டியிருந்ததா? நடீனை எதிர்த்து நிற்கவேண்டியிருந்ததா? ஒன்றும் வேண்டாம். எனக்கு ஒரு போன். "அக்கா, அந்தக் கடிதத்தைப் போடாதே." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்றுகூட நான் கேட்டிருக்கமாட்டேன். நடீனுக்கும் தெரிந்திருக்காது. உன் மதிப்பீடும் கெட்டிருக்காது.

நான் உன்னைப் படிக்க அனுப்பியது எங்களை மாதிரி ஆட்களிடம் யாரும் சுற்றி வளைத்துப் பேசக்கூடாது என்பதற்காக. நீ அதையே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய்.

டார்லா


நவம்பர் 11

அக்கா,

நீ பதில் எழுதவேண்டாம். இதைப் படித்தால் போதும்.

நேற்று சனிக்கிழமை, மறுபடியும் வரவேற்பு நாள். இந்தமுறை ஊர் ஊராக உள்ள இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களுக்கு. போனமுறை நன்றாகப் பேசினேன் என்று நடீன் மறுபடியும் மைக்கை என்னிடம் கொடுத்தார். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. அம்மாவின் மடியில் கைப்பை, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய்.

"எல்லாம் செல்லும்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தேன். "போன மார்ச்ல நானே இதே எடத்துல நின்னு அதைச் சொன்னேன். அது பாதி உண்மை. உங்க பாடமெல்லாம் பொதுப்பாடமாத்தான் வரும், நீங்க படிக்கற துறைக்கு வராமப் போகலாம். நர்சிங்குக்கு வராது. இன்ஜினியரிங்குக்குப் பாதிதான் வரும். இன்னைக்கு இங்கேந்து போறதுக்கு முன்னாடி, உங்க துறைல போய், ஒவ்வொரு பாடமும் எதுக்குச் செல்லும்னு எழுதி வாங்குங்க. எழுதித் தரமாட்டேன்னாங்கன்னா, இருக்கற எடத்தை விட்டுடாதீங்க."

பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்து, "எந்தத் துறை எங்க இருக்கும்மா, வழி சொல்லு" என்றார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

நடீன் கத்தவில்லை. அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உனக்கு இப்ப மனசு லேசாயிடுச்சா மேரன்?" என்று கேட்டார். என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். களப்பயிற்சி அங்கேயே முடிந்தது. பேராசிரியர், "நீ சொன்னது தப்புன்னு சொல்லல. சொன்ன விதம் தப்பு" என்றார். மே மாதம் பட்டம் வாங்கமாட்டேன். அந்த வேலையும் இல்லை.

உன்னிடம் பரிசு கேட்பதற்காக இதை எழுதவில்லை. இந்த மாதக் கடைசியில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கிறேன். சமையலறையில் ஒரு மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜோலின் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மேரன்


நவம்பர் 17

மேரன்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஓப்பல் ஹாட்ஜஸ் கதவைத் தட்டினாள். மேட்டுத்தெருவில் நாய் வளர்க்கிறாளே, அவள்தான். பக்கத்து ஊர் இரண்டாண்டுக் கல்லூரியில் படிக்கிற அவள் மகன் டேன் இன்ஜினியரிங் படிக்க அங்கே வரப் பார்த்தானாம், முந்தின நாள் அந்த அரங்கத்தில் இருந்திருக்கிறான். கையில் ஆப்பிள் கேக்கோடு நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"உன் தங்கச்சி மட்டும் சொல்லலேன்னா என் பையன் ரெண்டு வருஷத்தைத் தொலைச்சிருப்பான் டார்லா. அவளை எப்படி வளத்திருக்கே! கடவுள் உங்க குடும்பத்தை நல்லா வைக்கட்டும்" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஜோலின் கதை அவளுக்குத் தெரியாது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. படிப்பு பிடிக்காமல் வந்துவிட்டாள் என்றுதான் ஊரில் பேச்சு.

நான் என்ன சொல்வது? "ஆமா, அவ அப்படித்தான்" என்றேன். கேக்கை வாங்கிக்கொண்டேன்.

நீ செய்தது சரி. அதை மறுக்கமாட்டேன். நிறையப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். ஊரார் பிள்ளைகளுக்காக உன்னால் வேலையை, படிப்பை, எல்லாவற்றையும் விட முடிந்திருக்கிறது. என் பிள்ளைக்காக ஒரு போன் செய்ய முடியவில்லை. இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

மாலையில் ஜோலின் வேலை முடிந்து வந்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன், முழுவதும் சொன்னேன். சீருடையைக்கூட மாற்றாமல் நின்றபடியே ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டாள். "சித்தி நல்லாப் பேசினாங்களாமா?" என்றாள். ஆமாம் என்றேன். "டேனாவது தப்பிச்சான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு உன்மேல் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் உன்னை வரச் சொல்லியிருப்பேன். சத்தம் போட்டு, தட்டை உடைத்து, எப்படியோ ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். இந்த வருஷம் வரவேண்டாம் மேரன். அடுத்த வருஷம் என்ன என்று எனக்குத் தெரியாது.

ஓப்பலின் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கேக் எப்படி இருந்தது என்று கேட்பாள். ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டும்.

டார்லா